வாசகர் கேள்வி, வானியல் பதில்: சென்னையில் கண்டறியப்பட்ட ‘ஏசியா’ சிறுகோள்

சென்ற இதழின் வானியல் பக்கத்தில், 1861ஆம் ஆண்டு சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கிய வானாய்வகத்திலிருந்து ஒரு சிறுகோள் கண்டறியப்பட்டது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த வரியைப் பற்றியே இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அந்தச் சிறுகோளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். பலரும் கேட்டிருந்த ஒரே கேள்வியை ஒருமுறை மட்டும் வெளியிட்டிருக்கிறோம்.

கேள்வி (சென்னை, சூளைமேடு வாசகர்): நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள் என்பது உண்மைதானா? அதைக் கண்டவர் யார்? அந்தக் காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

முற்றிலும் உண்மை. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 1829ஆம் ஆண்டு பிறந்த நார்மன் பாக்சன் என்பவர், சென்னை வானாய்வகத்தின் அரசு வானியலாளராக 1861ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொறுப்பேற்றார். வந்து சில மாதங்கள்கூட ஆகாத நிலையில், அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி இரவு, வான்வரைபடத்தில் இல்லாத ஒரு மங்கலான ஒளிப்புள்ளியை அவர் கண்டார். அதுவே இன்று 67 என்ற வரிசை எண்ணுடன் ‘ஏசியா’ என அழைக்கப்படும் சிறுகோள். பாக்சன் இத்துறைக்குப் புதியவர் அல்லர். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோதே, 1856, 1857 ஆகிய ஆண்டுகளில் ஐசிஸ், அரியாட்னி, ஹெஸ்டியா என்ற மூன்று சிறுகோள்களைக் கண்டறிந்திருந்தார்.

அன்றைய முறை எளிமையானது; ஆனால் அசாத்தியமான பொறுமையைக் கோரியது. சிறுகோள் தேடலுக்குப் புகைப்படம் அப்போது பயன்படத் தொடங்கவில்லை. 1891ஆம் ஆண்டில்தான் ஜெர்மனியின் மாக்ஸ் வுல்ஃப் புகைப்படத் தகட்டைக் கொண்டு முதல் சிறுகோளைக் கண்டறிந்தார். அதற்கு முன்பு வானியலாளர், சூரியனின் தோற்றப் பாதையை ஒட்டிய வான்பகுதிகளைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டிலும் தெரியும் மங்கலான விண்மீன்களைத் தாளில் குறித்து, அடுத்தடுத்த இரவுகளில் அதே இடத்தை மீண்டும் தொலைநோக்கியில் பார்த்து, குறித்து வைத்தவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியிருந்தது. விண்மீன்கள் தம்முள் இடம் மாறுவதில்லை, சிறுகோள் மாறும். புதிதாகத் தெரிந்த புள்ளி மறுநாள் சற்றே நகர்ந்திருந்தால் அது நமது சூரியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது உறுதியாகும்.

அந்த 1861ஆம் ஆண்டு இத்துறையில் போட்டி மிகுந்த ஆண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஏசியாவுக்குச் சில நாட்கள் முன்பு அமெரிக்காவில் மாயா என்ற சிறுகோளும், சில நாட்கள் பின்பு மிலானில் ஹெஸ்பீரியாவும், ஜெர்மனியில் லீட்டோவும் கண்டறியப்பட்டன. ஹெஸ்பீரியாவைக் கண்டவர், பின்னாளில் செவ்வாய்க் கோளின் வரைபடங்களால் உலகப் புகழ் பெற்ற ஷியாபரெல்லி. அந்த வரிசையின் நடுவில் நுங்கம்பாக்கமும் இருக்கிறது என்பது நம் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய செய்தி என்பது எனது உறுதியான கருத்து.

கேள்வி (விழுப்புரம் வாசகர்): ஒரு கண்டத்தின் பெயரை ஏன் வைத்தார்கள்?

ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் இதுவே என்பதுதான் காரணம். சிறுகோள்களுக்குப் பழங்கதைகளில் வரும் பெண் தெய்வங்களின் பெயரைச் சூட்டுவது அக்கால வழக்கமாக இருந்தது. கிரேக்கப் பழங்கதைகளில் ஏசியா என்ற பெயருடைய ஒரு தெய்வமும் உண்டு. ஆகவே வழக்கத்தையும் மீறாமல், கண்டறிந்த நிலத்தையும் நினைவுகூரும் பெயராக அது அமைந்தது.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): இந்தச் சிறுகோள் சூரியனை எவ்வளவு தொலைவில், எவ்வளவு காலத்தில் சுற்றுகிறது? அதன் பாதை வட்டமா, நீள்வட்டமா?

ஏசியா, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் உள்ள முதன்மைச் சிறுகோள் பட்டையின் உட்பகுதியில் சுற்றுகிறது. சூரியனிலிருந்து அதன் சராசரித் தொலைவு 2.42 வானியல் அலகு. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவாகிய சுமார் 14.96 கோடி கிலோமீட்டரையே ஒரு வானியல் அலகு என்கிறோம். எனவே ஏசியாவின் சராசரித் தொலைவு ஏறத்தாழ 36.2 கோடி கிலோமீட்டர் ஆகிறது. இந்த ஒரு எண் தெரிந்தால் சுற்றுக்காலத்தை நீங்களே கணக்கிடலாம். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, வானியல் அலகில் சொல்லப்பட்ட தொலைவின் முப்படியும் ஆண்டில் சொல்லப்பட்ட சுற்றுக்காலத்தின் இருபடியும் சமம். 2.42இன் முப்படி 14.17; அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.77. ஆக, ஏசியாவின் ஓர் ஆண்டு நமது 3.77 ஆண்டுகள், அதாவது சுமார் 1,376 நாட்கள்.

பாதை நீள்வட்டமே. பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நீண்டிருக்கிறது என்பதைக் காட்டும் எண்ணான வட்டவிலகல் அதற்கு 0.185; கோள்களிலேயே மிகவும் நீண்ட பாதையை உடைய புதனின் வட்டவிலகலைவிட இது சற்றே குறைவு. இதனால் ஏசியா சூரியனுக்கு மிக அருகில் வரும்போது 1.97 வானியல் அலகிலும், மிகத் தொலைவில் செல்லும்போது 2.87 வானியல் அலகிலும் இருக்கிறது. கிலோமீட்டரில் சொன்னால் 29.5 கோடிக்கும் 42.9 கோடிக்கும் இடையில் அது போய் வருகிறது. அருகில் இருக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 23 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. தொலைவில் இருக்கும்போது அந்த வேகம் 16 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அது பெறும் சூரிய ஒளியும் இந்த இரு முனைகளுக்கிடையே இரு மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது. பூமியின் சுற்றுத்தளத்தோடு ஒப்பிட்டால் பாதை சுமார் 6 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் அத்தளத்துக்கு மேலும் கீழும் சில கோடி கிலோமீட்டர் விலகிச் சென்று திரும்புகிறது.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு பொருத்தம் உண்டு. செவ்வாய்க் கோள் சூரியனை ஒருமுறை சுற்ற 687 நாட்கள் ஆகின்றன. அதை இரட்டித்தால் 1,374 நாட்கள். ஏசியாவின் சுற்றுக்காலம் இதிலிருந்து இரண்டு நாள் அளவே வேறுபடுகிறது. அதாவது ஏசியா ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் செவ்வாய் ஏறத்தாழச் சரியாக இருமுறை சுற்றிவிடுகிறது. இத்தகைய எளிய விகிதங்கள் அமையும்போது, கோளின் ஈர்ப்பு ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்பச் செயல்பட்டுச் சிறுகோளின் பாதையில் விளைவை உண்டாக்கக்கூடும். செவ்வாயின் நிறை வியாழனின் நிறையில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கே என்பதால், அந்த விளைவு மென்மையானது; வியாழன் உண்டாக்கும் விளைவுகள் போல் வன்மையானது அன்று.

கேள்வி (மதுரை வாசகர்): சிறுகோள் பட்டையில் சில இடங்கள் காலியாக இருப்பதாகப் படித்தேன். ஏசியா அந்த இடங்களுக்கு அருகில் இருக்கிறதா?

ஆம், மிக அருகில். அமெரிக்க வானியலாளர் டேனியல் கிர்க்வுட் 19ஆம் நூற்றாண்டில் கண்ட இடைவெளிகளைத்தான் நீங்கள் குறிப்பிடுகிறீர்கள். சிறுகோள்களை அவற்றின் சராசரித் தொலைவின்படி வரிசைப்படுத்தினால், 2.50 வானியல் அலகில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. அத்தொலைவில் உள்ள பொருள் சூரியனை மூன்றுமுறை சுற்றும் காலத்தில் வியாழன் ஒருமுறை சுற்றுகிறது. வியாழனின் ஈர்ப்பு ஒரே முறையில் மீண்டும் மீண்டும் இழுப்பதால், அங்கிருக்கும் பொருளின் பாதை காலப்போக்கில் மிக நீண்ட நீள்வட்டமாகி, செவ்வாயின் பாதையையோ பூமியின் பாதையையோ கடக்கத் தொடங்கி, முடிவில் அவ்விடத்தை விட்டே அகன்றுவிடுகிறது. 1980களில் ஜாக் விஸ்டம் செய்த கணினி ஆய்வுகள் இந்த நிகழ்வு எவ்வாறு திடீரென நேர்கிறது என்பதைத் தெளிவாக்கின. ஏசியாவின் சராசரித் தொலைவாகிய 2.42, அந்த இடைவெளிக்கு உட்புறமாக, பாதுகாப்பான பக்கத்தில் அமைந்திருக்கிறது.

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் ஏற்படுவதைக் கண்டிருக்கிறேன். கிர்க்வுட் இடைவெளி என்பது வானில் யாரும் நுழையாத ஒரு வெற்று வளையம் என்று எண்ணிவிடக் கூடாது. ஏசியா 1.97 முதல் 2.87 வானியல் அலகு வரை போய் வருவதால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த 2.50 அலகுத் தொலைவை இருமுறை கடக்கத்தான் செய்கிறது. காலியாக இருப்பது சராசரித் தொலைவுகளின் பட்டியலில்தான். எந்த ஒரு நாளில் பட்டையின் படத்தை வரைந்து பார்த்தாலும், சிறுகோள்கள் அந்தத் தொலைவிலும் பரவிக் கிடக்கும்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): இது பூமியின் மீது மோத வாய்ப்பு உண்டா?

இல்லை. ஏசியா சூரியனுக்கு மிக அருகில் வரும் 1.97 வானியல் அலகுத் தொலைவே, செவ்வாய் மிகத் தொலைவில் செல்லும் 1.67 அலகைவிட அதிகம். செவ்வாயின் பாதையையே அது தொடுவதில்லை என்னும்போது, பூமியைப் பற்றிய அச்சத்துக்கு இடமே இல்லை. பூமிக்கு மிக நெருங்கிய நிலையிலும் அது சுமார் 14.5 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

கேள்வி (திருச்சிராப்பள்ளி வாசகர்): தொலைநோக்கியில் பார்த்தாலும் வெறும் புள்ளியாகத் தெரியும் ஒரு பொருளின் விட்டம் 58 கிலோமீட்டர் என்று எப்படிச் சொல்ல முடிகிறது? இது ஊகம் இல்லையா?

மிகவும் நல்ல கேள்வி. சிறுகோள்களைப் பற்றிய எல்லா எண்களிடமும் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே.

ஒரு சிறுகோளுக்குச் சொந்த ஒளி இல்லை; சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் நமக்குத் தெரிகிறது. அதன் பாதை துல்லியமாகத் தெரிந்திருப்பதால், சூரியனிலிருந்தும் பூமியிலிருந்தும் அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை எந்த இரவுக்கும் கணக்கிடலாம். தொலைவின் விளைவை நீக்கிவிட்டு, எல்லாச் சிறுகோள்களையும் ஒரே நிலையில் வைத்தால் எவ்வளவு ஒளிர்வுடன் தெரியும் என்று காட்டும் எண்ணைத் தனிப் பொலிவெண் என்கிறோம். ஏசியாவுக்கு அது ஏறத்தாழ 8.28.

இந்த ஓர் எண் விட்டத்தைச் சொல்லப் போதாது. பெரிய கறுப்புப் பரப்பும் சிறிய வெளிர்ப் பரப்பும் ஒரே அளவு ஒளியைத் திருப்பி அனுப்ப முடியும். ஏசியாவின் பரப்பு, தன்மேல் விழும் ஒளியில் 5 விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்பும் கரிய பரப்பாக இருந்திருந்தால், இதே பொலிவுக்கு அதன் விட்டம் சுமார் 131 கிலோமீட்டராக இருந்தாக வேண்டும். 25 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் வெளிர்ப் பரப்பாக இருந்தால் 58 கிலோமீட்டரே போதும். இவ்விரண்டில் எது உண்மை என்பதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியால் மட்டும் முடிவு செய்ய இயலாது.

அங்கேதான் வெப்பம் உதவிக்கு வருகிறது. திருப்பி அனுப்பப்படாத சூரிய ஒளி பரப்பைச் சூடாக்குகிறது. சூடான பரப்பு அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. கரிய பெரிய பொருள் அதிக வெப்பத்தையும், வெளிர்ந்த சிறிய பொருள் குறைந்த வெப்பத்தையும் வெளியிடும். ஆகவே ஒளியையும் வெப்பத்தையும் தனித்தனியே அளந்தால், விட்டம், ஒளித் திருப்புதிறன் என்னும் தெரியாத இரண்டையும் ஒருசேரக் கண்டறிந்துவிடலாம். ஆனால் பூமியின் காற்றுமண்டலம் அகச்சிவப்புக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும் என்பதால், இத்தகைய அளவீட்டைப் பெருமளவில் செய்ய விண்வெளிக்கே செல்ல வேண்டியிருந்தது. 1983ஆம் ஆண்டு ஏவப்பட்ட ஐராஸ் என்னும் அகச்சிவப்புச் செயற்கைக்கோள், ஏறத்தாழப் பத்து மாதங்கள் வானம் முழுவதையும் அளந்தது. அதன் தரவுகளிலிருந்துதான் ஏசியாவின் விட்டம் ஏறத்தாழ 58 கிலோமீட்டர் என்றும், திருப்புதிறன் 0.255 என்றும் பெறப்பட்டது. பிற அளவீடுகளில் இந்த விட்டம் ஓரிரு கிலோமீட்டர் கூடியும் குறைந்தும் வருகிறது. சிறுகோள் சரியான கோளமாக இல்லாததும், வெப்பக் கணக்கில் பரப்பின் தன்மை பற்றிச் சில கருதுகோள்கள் சேர்வதும் அதற்குக் காரணங்கள். ஆகவே 58 என்பதை, அதே அளவு ஒளியையும் வெப்பத்தையும் தரும் ஒரு கோளத்தின் விட்டம் என்று புரிந்துகொள்ளுங்கள். அது ஊகம் அன்று. ஆனால் அளவுகோலை வைத்து அளந்ததும் அன்று.

இன்னொரு நேரடியான வழியும் உண்டு. சிறுகோள் ஏதேனும் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே செல்லும்போது, அந்த விண்மீனின் ஒளி சில நொடிகள் மறையும். பல ஊர்களில் உள்ளவர்கள் மறைந்த நேரத்தையும் மீண்ட நேரத்தையும் துல்லியமாகக் குறித்தால், அந்த நேரங்களைக் கொண்டு சிறுகோளின் நிழலுருவத்தையே வரைந்துவிடலாம். இதில் பெரிய ஆய்வகங்களைவிட, பல இடங்களில் பரவியிருக்கும் ஆர்வலர்களின் சிறிய தொலைநோக்கிகளே அதிகம் பயன்படுகின்றன.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): அது தன்னைத்தானே சுற்றுகிறதா? அங்கே ஒரு நாள் எவ்வளவு நேரம்?

சுற்றுகிறது. ஒரு தற்சுழற்சிக்கு ஏறத்தாழ 15.9 மணி நேரம் ஆகிறது. சிறுகோளின் உருவம் சீரற்றிருப்பதால், அது சுழலும்போது நம்மை நோக்கிய பரப்பு கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது. அதற்கேற்ப அதன் பொலிவும் ஏறி இறங்குகிறது. நீண்ட உருவமுடைய பொருளாக இருந்தால், ஒரு சுழற்சியில் அதன் அகன்ற பக்கம் இருமுறையும் குறுகிய முனை இருமுறையும் நம்மை நோக்கும்; ஆகவே பொலிவு வரைபடத்தில் இரண்டு மேடும் இரண்டு பள்ளமும் தோன்றும். பல இரவுகளின் அளவீடுகளை இணைத்தே சுழற்சிக்காலத்தைக் கணிக்க முடியும். 15.9 மணி என்பது பூமியின் நாளோடு எளிதாகப் பொருந்தாத எண் என்பதால், ஒரே ஊரிலிருந்து ஒரே இரவில் முழுச் சுழற்சியையும் பார்த்துவிட முடியாது. இதே கணக்கில், ஏசியா சூரியனை ஒருமுறை சுற்றி வருவதற்குள் தன்னைத்தானே இரண்டாயிரம் முறைக்கும் மேல் சுற்றிவிடுகிறது.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): ஏசியா எதனால் ஆனது? அதில் இரும்பு இருக்கிறதா? ஒரு மனிதர் அதன்மேல் நின்றால் எப்படி இருக்கும்?

அதன் நிறமாலையைக் கொண்டு ஏசியாவை ‘எஸ்’ வகைச் சிறுகோள் என வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஆலிவின், பைராக்சீன் போன்ற சிலிக்கேட் கனிமங்களும், இரும்பு-நிக்கல் உலோகமும் கலந்த பாறைப் பொருளால் ஆனவை இவ்வகைச் சிறுகோள்கள். பட்டையின் உட்பகுதியில் இவையே மிகுதி. கனிமம் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சுவதால், திரும்பி வரும் ஒளியில் எந்த அலைநீளம் குறைந்திருக்கிறது என்பதைப் பார்த்து அதை அடையாளம் காண்கிறார்கள். பூமியில் விழும் விண்கற்களில் மிகுதியாகக் கிடைக்கும் சாதாரணக் கோண்ட்ரைட்டுகள் இவ்வகைச் சிறுகோள்களிலிருந்துதான் வருகின்றனவா என்ற வாதம் நெடுங்காலம் நீடித்தது. ஏனென்றால் இரண்டின் நிறமும் சரியாகப் பொருந்தவில்லை. சூரியக் காற்றும் நுண்ணிய விண்கற்களும் பலகாலம் தாக்குவதால் சிறுகோளின் மேற்பரப்பு சிவந்து கருமையடைகிறது என்ற விளக்கம் முன்வைக்கப்பட்டது. எஸ் வகையைச் சேர்ந்த இட்டோகாவா என்ற சிறுகோளை ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2005ஆம் ஆண்டு அடைந்து, அங்கிருந்து எடுத்த துகள்களை 2010ஆம் ஆண்டு பூமிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது, அத்துகள்கள் சாதாரணக் கோண்ட்ரைட்டுகளோடு பொருந்தி, அந்த விளக்கத்தை உறுதிப்படுத்தின. ஏசியாவுக்கு எந்த விண்கலமும் சென்றதில்லை. ஆனால் அதே வகையைச் சேர்ந்த காஸ்ப்ராவை 1991ஆம் ஆண்டிலும், ஐடாவை 1993ஆம் ஆண்டிலும் கலிலியோ விண்கலம் அருகிருந்து படமெடுத்திருக்கிறது. இரண்டும் பள்ளங்கள் நிறைந்த, கோணல்மாணலான உருவங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரு கணக்கால் விடை சொல்லலாம். ஐடாவைச் சுற்றிவரும் டாக்டைல் என்ற சிறு துணைக்கோளின் உதவியால், ஐடாவின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.6 கிராம் அளவில் மதிப்பிடப்பட்டது. ஒரே வகை என்பதால் ஏசியாவுக்கும் அதையே எடுத்துக்கொண்டால், அதன் மேற்பரப்பு ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ 465இல் ஒரு பங்கு. இங்கே 60 கிலோ காட்டும் எடைக்கருவி அங்கே 130 கிராம் அளவே காட்டும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நழுவவிட்ட பொருள் தரையைத் தொட ஏறத்தாழ 10 நொடி ஆகும். அதன் ஈர்ப்பிலிருந்து தப்பிச் செல்லத் தேவையான விடுபடு வேகம் நொடிக்கு 35 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 126 கிலோமீட்டர். ஒரு நல்ல வேகப்பந்து வீச்சாளர் எறியும் பந்து அங்கே திரும்பி விழாது. காற்று இல்லை. தரையின் சராசரி வெப்பநிலை மைனஸ் 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். பகலில் அதைவிடக் கூடும், இரவில் மிகவும் குறையும்.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): பாக்சன் சென்னையிலிருந்து வேறு சிறுகோள்களையும் கண்டறிந்தாரா? அவருக்குப் பின் இம்மரபு தொடர்ந்ததா?

சென்னையிலிருந்து மொத்தம் ஐந்து. ஏசியாவுக்குப் பின் 1864ஆம் ஆண்டு சாப்போ, 1866ஆம் ஆண்டு சில்வியா, 1868ஆம் ஆண்டு கமில்லா, 1885ஆம் ஆண்டு வேரா ஆகியவற்றைக் கண்டறிந்தார். இவற்றுள் சில்வியா தனிச் சிறப்புடையது. 250 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விட்டமுடைய அச்சிறுகோளுக்கு இரண்டு துணைக்கோள்கள் உள்ளன என்பது 2005ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இரண்டு துணைக்கோள்களுடன் அறியப்பட்ட முதல் சிறுகோள் அதுவே. பின்னர் கமில்லாவுக்கும் இரண்டு துணைக்கோள்கள் இருப்பது கண்டறியப்பட்டது. ஒருவர் ஒரே இடத்திலிருந்து கண்டறிந்த ஐந்தில் இரண்டு இவ்வாறு அமைந்தது வியப்புக்குரியது.

பாக்சனின் மகள் எலிசபெத் ஐசிஸ் பாக்சனும் சென்னை வானாய்வகத்தில் பல ஆண்டுகள் உதவியாளராகப் பணியாற்றினார். அவருடைய பெயரே ஐசிஸ் சிறுகோளுக்கு வைக்கப்பட்டது. நார்மன் பாக்சன் 1891ஆம் ஆண்டு சென்னையிலேயே காலமானார். 1899ஆம் ஆண்டில் வானியல் பணிகள் கொடைக்கானலுக்கு மாறின. நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆய்வகத்தின் கருங்கல் தூண், இன்றைய மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இருக்கிறது.

வேராவுக்குப் பின் இந்தியாவிலிருந்து அடுத்த சிறுகோளைக் கண்டறிய நூறாண்டுக்கும் மேலானது. சவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்திலிருந்து 1988ஆம் ஆண்டு இராஜமோகன் கண்டறிந்த அந்தச் சிறுகோளின் எண் 4130. கணித மேதை ராமானுஜனின் பெயரை அது தாங்கியிருக்கிறது.

கேள்வி (சேலம் வாசகர்): ஏசியாவை நாங்கள் பார்க்க முடியுமா? என்னிடம் 4 அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது.

முடியும். ஆனால் வெறுங்கண்ணால் முடியாது. இங்கே பாக்சனின் இன்னொரு பங்களிப்பைச் சொல்லியாக வேண்டும். விண்பொருள்களின் பொலிவை அளக்க இன்று உலகெங்கும் பயன்படும் அளவுமுறையை வகுத்தவரும் அவரே. பொலிவெண்ணில் ஐந்து படி வேறுபாடு, ஒளியில் சரியாக நூறு மடங்கு வேறுபாடு என்று 1856ஆம் ஆண்டு அவர் முன்மொழிந்தார். அதன்படி ஒரு படி என்பது 2.512 மடங்கு; எண் கூடக் கூடப் பொருள் மங்கலாகத் தெரியும். நல்ல இருளில் வெறுங்கண் காணும் எல்லை ஏறத்தாழ 6. ஏசியா மிகச் சாதகமான நிலையில் 10க்குச் சற்று உள்ளாகவே வரும். அதாவது நம் கண் காணக்கூடிய மிக மங்கலான விண்மீனைவிட அப்போதும் முப்பது, நாற்பது மடங்கு மங்கலாக இருக்கும். சூரியனுக்குத் தொலைவான பகுதியில் அது இருக்கும்போது நேரும் எதிர்நிலைகளில் 12ஐ ஒட்டிச் சென்றுவிடும். உங்கள் 4 அங்குலத் தொலைநோக்கி, நகர விளக்குகளிலிருந்து விலகிய இருளில், சாதகமான எதிர்நிலைகளில் அதைக் காட்டப் போதுமானது.

எதிர்நிலை என்பது, சூரியனுக்கு நேர் எதிர்ப்புறத்தில் சிறுகோள் இருந்து, நள்ளிரவில் உச்சத்தை ஒட்டி வரும் காலம். ஏசியாவுக்கு இது சராசரியாக 16 மாதங்களுக்கு ஒருமுறை நேர்கிறது. நாளையும் வான்நிலையையும் அறிய, உலக வானியல் ஒன்றியத்தின் சிறுகோள் மையமும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகமும் வெளியிடும் நிலைக் கணிப்புகளில் 67 என்ற எண்ணைக் கொடுத்தால் போதும். உங்கள் ஊருக்குரிய அட்சரேகை, தீர்க்கரேகையையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

அன்றிரவு அந்த இடத்தைச் சுற்றியுள்ள விண்மீன்களை எல்லாம் ஒரு தாளில் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். எது சிறுகோள் என்று அன்றே தீர்மானிக்க முயல வேண்டாம். பார்வைக்கு அது விண்மீனிலிருந்து வேறுபடாது. எதிர்நிலைக் காலத்தில் ஏசியா ஓர் இரவுக்கு ஏறத்தாழக் கால் டிகிரி, அதாவது முழுநிலவின் விட்டத்தில் பாதி, மேற்கு நோக்கி நகரும். மறுநாள் அதே நேரத்தில், அதே உருப்பெருக்கத்தில் மீண்டும் பார்த்து, உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள்; இடம் மாறியிருக்கும் ஒரே புள்ளி ஏசியா. முகில் காரணமாக மறுநாள் பார்க்க இயலாமற்போனால், முதல் இரவிலேயே நான்கைந்து மணி நேர இடைவெளி விட்டு இருமுறை குறிப்பது நல்லது. கவனமாக வரைந்திருந்தால் அந்த நேரத்துக்குள்ளேயே நகர்வு தெரியும்.